மண்டித் தராசில் ஏறிய குழந்தை

1

நானூற்றுப் பதினொரு ரூபாய். 1993-ஆம் வருஷம் கார்த்திகை மாதக் கடைசியில், திண்டிவனத்து மருந்துக் கடை ஒன்றுக்குச் செண்பகம் தர வேண்டியிருந்த பாக்கி. ஆறு டப்பா குழந்தைப் பால் மாவு, டப்பா அறுபத்தெட்டரை ரூபாய். பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுத்தவளே அந்தச் செண்பகம்தான்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்த 2015-இல், போன செவ்வாய்க்கிழமை, திண்டிவனத்தில் செண்பகம் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகள் சூர்யகலாவுக்குத் தலைப்பிரசவம். விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டவள், பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். பிறந்து பதினெட்டு நாளான ஆண் குழந்தை. நான் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு தடவை பாலுக்கு அழுதது. இரண்டாம் தடவை அழுதபோது செண்பகம் மகளிடம் சொன்னாள்:

“நம்ம ஒடம்பு வாகே அப்பிடித்தாம்மா. எனக்கும் பால் பத்தல, உனக்கும் பத்தாது. ஞாயித்துக்கெழம மாப்ள வரப்ப டப்பா வாங்கியாரச் சொல்லிட்டேன்.”

டம்ளரில் இருந்த டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். பஸ் ஏறிக் கிளியனூருக்கு வந்துவிட்டேன்.

செண்பகத்துக்குப் பால் பத்தாமல் போனதே இல்லை. அது எனக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும்.

2

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் எழுதி எழுதி அடித்ததை இங்கேயே விட்டுவைக்கிறேன்.

“திண்டிவனத்தில் அந்த வருஷம் நல்ல மழை. மல்லாட்டை” … மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

“தாய்ப்பாலுக்கு ஈடு இணை” … இது ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதுகிற வாசகம். அதை எழுத நான் வேண்டாம், பெயிண்டர் போதும்.

“நான் ஒரு பாவி” … இப்படித் தொடங்குகிறவன் அடுத்த வரியிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுவான். படிக்கிறவளும் இளகிவிடுவாள். அது கூடாது.

மூன்று தொடக்கத்துக்கு ஒன்றரை நாள் போய்விட்டது. இன்று வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை டப்பா வரும். நான் இங்கே நல்ல வார்த்தை தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் அங்கே ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கிறது, அதன் அழுகையைத் தப்பாகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

(நேரில் போய்ச் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். இரண்டு தடவை போனேன். இரண்டு டீ குடித்தேன்.)

‘நான்’ என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது. அதனால் இனிமேல் விருத்தாசலம் என்று எழுதப்போகிறேன். அது என் பெயர்தான், உங்களிடம் ஒளிக்கவில்லை. ‘அவன்’ என்று தள்ளி நிறுத்தினால்தான் அவன் என்ன செய்தான் என்று என்னால் பார்க்க முடிகிறது.

3

விருத்தாசலத்துக்கு அப்போது முப்பத்தைந்து வயது. திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்கினான். (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்.) எழுத்து தெரியாது, எண் தெரியாது. ஆனால் மூட்டை தோளில் ஏறிய மாத்திரத்தில் எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவான். கால் கிலோ முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

அந்த வருஷம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தரும் அறிவொளி வகுப்பு வந்தது. மண்டி முற்றத்திலேயே, சாயங்காலம் ஆறு மணிக்கு. பின்தெருவில் குடியிருந்த செண்பகம் பத்தாவது படித்தவள். சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுக்க வந்தாள். வயது இருபது. புருஷன் சீனுவாசன் லாரியில் போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். தலைச்சன் பிள்ளை பிறந்த நாற்பதாம் நாள், சூர்யகலாவையும் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்துவிட்டாள்.

குழந்தை சிணுங்கினால் சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வாள். வாய் மட்டும் எங்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கும். (‘அவர்களுக்கு’ என்று இருக்க வேண்டும். அடிக்கவில்லை, இருக்கட்டும்.) “ ‘ப’ போடுங்கண்ணே. பக்கத்துல கால் போடுங்க. இன்னா ஆச்சு? ‘பா’.” பதினோரு ஆண்கள் சிலேட்டை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார்கள். ஒரு வகுப்புக்குள் குழந்தை இரண்டு தடவை பால் கேட்கும். சில நாள் மூன்று தடவை.

“டீச்சரம்மா, உங்க பொண்ணு எங்களவிட மோசம்,” என்பான் கூட மூட்டை தூக்கும் நடராசன். “நாங்களாச்சும் ஒரு டீக்குத்தான் எந்திரிக்கிறோம்.”

“அது வளருதுண்ணே. நீங்க வளந்து முடிச்சாச்சு.”

பிரசவம் பார்த்த நர்ஸ் அவளிடம் சொல்லியனுப்பியது இதுதான்: கேட்டால் கொடு, கேட்கும்போதெல்லாம் கொடு, கடிகாரத்தைப் பார்க்காதே. செண்பகம் அப்படியே செய்தாள்.

காலையில் மண்டி திறந்ததும் விருத்தாசலம் செய்கிற முதல் வேலை, தராசு மேடையைப் பெருக்கிவிட்டுத் தண்டின் பின்பக்கம் கையை விட்டு

(இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும். முடிக்கத் தைரியம் வந்ததும் திரும்பி வருகிறேன்.)

4

செண்பகத்தின் மாமியார் குப்பம்மாள். இவளை நான் முதலில் எழுதியபோது கொடுமைக்காரியாக எழுதினேன். எழுதச் சுலபமாக இருந்தது.

“ஏம்மே, எந்நேரமும் மாருல போட்டுக்கினே கெடக்கிறியே, வயிறு ரொம்புனா புள்ள தூங்காதா? உனுக்குப் பாலா ஊறுது? பச்சத் தண்ணிதான் ஊறுது.”

“நாளைக்கு எட்டுத் துணி நனைக்குது அத்த. குடிக்காமலா நனைக்கும்?”

“தண்ணி குடிச்சாலும் தாண்டி நனைக்கும்.”

இவ்வளவும் அவள் சொன்னதுதான். ஆனால் நேற்று திரும்பப் படித்தபோது அவள் சொன்ன இன்னொன்று ஞாபகம் வந்தது. குப்பம்மாளுக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. கேப்பைக் கூழுக்கே வழியில்லாத வருஷங்களில் பெற்றவள். இரண்டும் மாரைச் சப்பிக்கொண்டே ஓய்ந்துபோயின என்று ஒருநாள் மண்டி வாசலில் உட்கார்ந்து, மல்லாட்டை உரித்துக்கொண்டே சொன்னாள். அடிக்கடி பால் கேட்கிற குழந்தையைப் பார்த்தால் அவளுக்கு வேறு எது ஞாபகம் வரும்? அதனால் கொடுமைக்காரியை அடித்துவிட்டேன். இந்தக் கதையில் பழியைத் தூக்கிக்கொண்டு போக ஆள் தேடினேன், அவ்வளவுதான். அவள் அதற்கான ஆள் இல்லை.

ஐப்பசியில் ஒருநாள், வகுப்பு தொடங்குமுன் செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் தடுப்பூசிக்கு வர இன்னும் பதினைந்து நாள். அதுவரைக்கும் மாமியார் வாயை எதைக் கொண்டு மூடுவது என்றாள்.

“அதுக்கு ஏன் டீச்சரம்மா அழுவுறீங்க?” என்றான் விருத்தாசலம். “நம்மகிட்டயே தராசு இருக்குதே. எட போட்டுக் காட்டிட்டா முடிஞ்சுது.”

சொன்னவன் அவன்தான். இதை மட்டும் எந்தப் பிரதியிலும் மாற்றவில்லை.

5

குப்பம்மாளையும் கூட்டிவந்தார்கள். மேடைமேல் துவைத்த வேட்டியை நாலாக மடித்துப் போட்டான். குழந்தையைச் செண்பகத்தின் கையிலிருந்து வாங்கினான். வாங்கிய உடனே அவன் கை சொன்னது: நாலரை.

“நாலரை இருக்கும்,” என்றான் உரக்க.

“கை பேச்சு இனிமே செல்லாது மச்சான்,” என்று நடராசன் சிரித்தான். “படிச்சவனாயிட்ட. தராசப் பாத்துப் படி.”

பதினோரு பேரும் சுற்றி நின்றார்கள். விருத்தாசலம் எண் போட்ட தண்டின்மேல் சின்னக் குண்டை நகர்த்தினான். தண்டு மெல்ல எழுந்து நடுவில் நின்றது. அவன் வாழ்க்கையில் முதல்முறையாக, யாரும் சொல்லித்தராமல், ஒரு எடையைப் படித்தான்.

“மூணு. புள்ளி. அஞ்சு. மூணரைக் கிலோ!”

கைதட்டினார்கள். அவன் படித்ததற்குத்தான் தட்டினார்கள். செண்பகமும் ஒரு கணம் சிரித்தாள், டீச்சர் அல்லவா. அப்புறம் அவள் முகம் மாறியது.

பிறந்தபோது ஆஸ்பத்திரிச் சீட்டில் இரண்டு கிலோ தொள்ளாயிரம். இரண்டு மாதத்தில் ஒன்றரைக் கிலோவாவது ஏற வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஏறியிருந்தது அறுநூறு கிராம்.

“பாத்தியா?” என்றாள் குப்பம்மாள். ஜெயித்தவள் குரல் இல்லை அது. பயந்துபோய்க் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டாள். “பாத்தியா, நான் சொல்லல?”

செண்பகம் தன் நோட்டை விருத்தாசலத்திடம் நீட்டினாள். “நீங்களே எழுதுங்கண்ணே. நீங்கதான படிச்சீங்க.” அவன் தேதி போட்டு 3.500 என்று எழுதினான். சிலேட்டுக்கு வெளியே, காகிதத்தில், அவன் எழுதிய முதல் எழுத்து அது.

6

அந்த வாக்கியத்துக்குத் திரும்புகிறேன்.

காலையில் மண்டி திறந்ததும் விருத்தாசலம் செய்கிற முதல் வேலை, தராசு மேடையைப் பெருக்கிவிட்டுத் தண்டின் பின்பக்கம் கையை விட்டு அங்கே இருக்கும் பித்தளைத் திருகை மூன்று சுற்று திருகுவது. திருகினால் மேடையில் ஒரு கிலோ ஏறும் வரைக்கும் தண்டு அசையாமல் படுத்தே கிடக்கும். காலியாக இருக்கிற தராசு படுத்துத்தானே கிடக்கும் என்று விவசாயி நினைத்துக்கொள்வான். மூட்டைக்கு ஒரு கிலோ முதலாளிக்கு. ராத்திரி மண்டி பூட்டும்போது திரும்ப மூன்று சுற்று, நேராக்கி வைப்பது; தராசுக்கு முத்திரை போடுகிற அதிகாரி வரும் நாளில் மட்டும் திருகுவதில்லை. பதினோரு வருஷமாக அவன் இதைச் செய்தான். வாசல் தெளிப்பது போல அதுவும் ஒரு வேலை.

(பெருமுக்கலிலிருந்தும் கிளியனூரிலிருந்தும் வண்டி கட்டி வந்தவர்களின் மூட்டை எத்தனை ஆயிரம் அந்தத் தராசில் ஏறியிருக்கும்? அதில் போன கிலோ ஒன்றுகூட அவனுக்கு உறைக்கவில்லை. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.)

குழந்தையைத் தராசில் வைத்தபோது அவனுக்குத் திருகு ஞாபகம் வரவில்லை. இது உண்மை. திருகு மூட்டைக்கானது, குழந்தைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அவன் புத்தியில் அது அப்படித்தான் இருந்தது. அதோடு, கண்முன்னே எண் இருந்தது. தோள் இருபது வருஷமாகச் சொன்னதைவிட, புதிதாகக் கற்ற எண் சொன்னது பெரிதாக இருந்தது.

இதோடு நிறுத்தினால் விருத்தாசலம் நல்லவன். ஏமாந்தவன். நேற்று ராத்திரி இந்த இடத்தில் நோட்டை மூடிவிட்டுப் படுத்தும் விட்டேன்.

ஆனால் மறுநாள் காலை இருக்கிறது. மறுநாள் காலை அவன் மண்டி திறந்தான், பெருக்கினான், தண்டின் பின்னால் கையை விட்டான். ஒரு சுற்று. இரண்டு சுற்று. அங்கே கை நின்றது. கை சொன்ன நாலரை, தராசு சொன்ன மூன்றரை. நடுவில் சரியாக ஒரு கிலோ. அப்புறம் மூன்றாவது சுற்றையும் திருகினான்.

அந்தக் காலையில் முதல் டப்பா இன்னும் வாங்கவில்லை. சாயங்காலம்தான் வாங்கினார்கள். நடுவில் ஒரு முழுப் பகல் அவன் கையில் இருந்தது.

ஏன் சொல்லவில்லை? முதலாளி வேலையைவிட்டு நிறுத்தியிருப்பார். திருகு விஷயம் வெளியே போனால் மண்டியையே மூடியிருப்பார்கள், பதினோரு குடும்பம் தெருவுக்கு வந்திருக்கும். இந்தக் காரணங்கள் பொய்யில்லை. ஆனால் இன்னொன்றும் இருந்தது. தான் முதன்முதலாகப் படித்த எண் தப்பு என்று டீச்சரிடம் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

7

மிச்சம் வேகமாக நடந்தது, வேகமாகவே சொல்கிறேன்.

டப்பாப் பால் உள்ளே போனதும் குழந்தை நீண்ட நேரம் தூங்கியது. மாரைக் கேட்பது குறைந்தது. கேட்கக் கேட்க ஊறுவது, கேட்காததால் ஊறாமல் போனது. இரண்டு வாரம் கழித்து, ஊசிக்கு வர வேண்டிய நர்ஸ் வராததால், மறுபடியும் மண்டியில் எடை போட்டார்கள்: 3.800. அதே தராசு, அதே திருகு. ஆகவே ஏறிய முந்நூறு கிராம் சரியான கணக்குத்தான். தாய்ப்பாலில் அது அதைவிட நன்றாகவே ஏறிக்கொண்டிருந்தது. ஆனால் எல்லாரும் டப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

டப்பா கடனில் வந்தது. கடன் ஏற ஏற, டப்பாவை நீட்டிக்க வேண்டியிருந்தது. நாலு கரண்டி மாவு மூன்றாயிற்று, மூன்று இரண்டாயிற்று, தண்ணீர் மட்டும் அதே அளவு. கார்த்திகையில் வயிற்றோட்டம் கண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

விருத்தாசலம் பார்க்கப் போனான். செண்பகம் கட்டிலோரம் நின்றிருந்தாள். கையில் அந்த நோட்டு.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். மண்டியில கடசியா மூணு எண்ணூறு. அதுக்கப்புறம் புள்ள எலும்பும் தோலுமா ஆயிடிச்சு. இங்க நாலு எறநூறு காட்டுது. எளச்ச புள்ள எப்பிடிண்ணே எட ஏறும்?”

கணக்குச் சொல்லித்தந்தவள் கேட்ட கணக்கு. விடை அவனிடம் இருந்தது. ஒரே வார்த்தை.

“ஆஸ்பத்திரித் தராசு அப்பிடித்தான் டீச்சரம்மா. துணியோட போட்டிருப்பாங்க.”

அவள் நம்பினாள். நோட்டை மூடிவிட்டாள்.

8

இங்கே ஒரு முடிவு வைக்கலாம். வைத்துப் பார்த்தேன்.

முடிவு அ: ஆஸ்பத்திரியில் விருத்தாசலம் உண்மையைச் சொல்கிறான். செண்பகம் அவனை அறைகிறாள். மறுபடியும் பால் கொடுக்கத் தொடங்குகிறாள். (இப்படி நடந்திருந்தால் நான் எழுதவே உட்கார்ந்திருக்கமாட்டேன்.)

முடிவு ஆ: குழந்தை செத்துப்போகிறது. (எழுதிய காகிதத்தைக் கிழித்துவிட்டேன். படிக்கிறவர்கள் அழுவார்கள் என்பதற்காக உயிரோடு இருக்கிற பெண்ணைச் சாகடிக்கலாமா?)

நடந்தது இது. சூர்யகலா பிழைத்தாள். செண்பகத்தின் பால் வற்றியேவிட்டது. அடுத்து மகன் சுதாகர் பிறந்தபோது அவள் மாரை எடுத்து வைக்கக்கூட இல்லை. “எனக்குத்தான் கெடயாதே,” என்று சொல்லி முதல் நாளே டப்பா வாங்கினாள்.

அந்த நானூற்றுப் பதினொரு ரூபாயைக் கடைக்காரர் செண்பகத்தைத் தெருவில் நிறுத்திக் கேட்டதை விருத்தாசலம் ஒருநாள் பார்த்தான். வாரக் கூலியில் பத்தும் இருபதுமாக, ஏழு மாதத்தில் தானே அடைத்துவிட்டான். செண்பகத்துக்குத் தெரிந்தபோது கண் கலங்கினாள். “கூடப் பொறந்தவன்கூட இப்பிடிச் செய்யமாட்டாண்ணே.” அன்றிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தப் பணத்தை நீட்டுகிறாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் அவன் வேண்டாம் என்கிறான். ஊரெல்லாம் அவனை நல்லவன் என்கிறது.

இன்று சனிக்கிழமை மத்தியானம். இந்த நோட்டைக் கொண்டுபோய்ச் செண்பகம் கையில் கொடுக்கப்போகிறேன். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவளிடம் வாயால் சொல்ல முடியாததை எழுத்தால் சொல்கிறேன். டீ குடிக்கமாட்டேன்.

டீச்சரம்மா, உங்களுக்குப் பால் இருந்தது. உங்கள் மகளுக்கும் இருக்கும். புள்ள கேட்டால் கொடுக்கச் சொல்லுங்கள்.

9

இந்தப் பகுதியை நோட்டு திரும்பி வந்த பிறகு எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சூர்யகலாவின் புருஷன் ராஜசேகர் பைக்கில் கிளியனூர் வந்தான். வண்டியைவிட்டு இறங்காமலே பையை நீட்டினான்.

“அத்த உங்க கையிலயே குடுக்கச் சொன்னாங்க மாமா.”

“டப்பா வாங்கினியாப்பா?”

“அத ஏன் கேக்குறீங்க! வாங்கினு போய் நிக்கிறேன், ஜல்தியா திருப்பிக் குடுத்துட்டு வான்னுட்டாங்க. கடக்காரன் எடுத்துக்க மாட்டேன்னு ஒரே பேஜாரு.”

“கொழந்த?”

“அழுவுறான், குடிக்கிறான், தூங்குறான், மறுபடி அழுவுறான். அதான் வேல. நேத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனோம். எட போட வுடாம அத்த ஒரே ரகள. முதல்ல காலித் தராச காட்டு, முள்ளு சைபர்ல நிக்குதா பாக்கணும்னு நர்சாண்ட சண்ட. அந்தம்மா திட்டித் தீத்துட்டாங்க.” சிரித்தான். “எட நல்லா ஏறியிருக்காம் மாமா.”

“அத்த வேற எதுனா சொன்னாங்களா?”

“ஒண்ணும் சொல்லலியே.”

அவன் போன பிறகு நோட்டைப் பிரித்தேன். முதல் பக்கத்திலிருந்து சிவப்புப் பேனாவால் திருத்தியிருந்தாள். விட்டுப்போன புள்ளி, ஒற்று, ஒரு இடத்தில் ‘நல்ல வாக்கியம்’ என்றுகூட. (நீங்கள் படித்தது அவள் திருத்திய பிரதி.) ஆறாவது பகுதியில் திருகு வருகிற பக்கம் வரைக்கும் சிவப்பு இருந்தது. அதற்கப்புறம் ஒரு கோடு இல்லை. அங்கே தப்பே இல்லை என்று சொல்லமுடியாது. அந்தப் பக்கங்களை மட்டும்தான் நான் திரும்பப் படித்துத் திருத்தாமல் கொடுத்தேன்.

கடைசிப் பக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம். நாலு நூறு ரூபாய் நோட்டு, ஒரு பத்து ரூபாய் நோட்டு, ஒரு ரூபாய்க் காசு.

இருபத்தொரு பொங்கலுக்கு வேண்டாம் என்று சொன்ன பணம். இந்தத் தடவை அவள் எதிரில் நின்று நீட்டவில்லை, அதனால் வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. உனக்கும் எனக்கும் இனி ஒன்றுமில்லை என்று இதற்கு அர்த்தமா? இனிமேலாவது நிமிர்ந்து வீட்டுக்கு வா என்று அர்த்தமா? பாதி நோட்டோடு திருத்துவதை நிறுத்தியது கோபத்திலா, கண் தெரியாமல் போனதாலா? எனக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவள் எழுதாமல் விட்ட இடத்தைப் படிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை நீங்கள் படித்துக்கொள்ளுங்கள். நான் முடிவு எழுதமாட்டேன். ஒரு தடவை இந்தக் கையால் எழுதிய எண்ணே போதும்.

பணத்தை எண்ணினேன். நானூற்றுப் பதினொன்று. சரியாக இருந்தது. எடுத்து வைத்துக்கொண்டேன்.